வேலி போடப் போறீங்களா? கேஜ் முதல் கேட் வரை... காசைக் கரைக்கும் 8 தவறுகள்!

திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் சாலையில் திருப்பாச்சூர் வந்ததும் ஜன்னல் பக்கம் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. ஒரு மனையைச் சுற்றி வெள்ளி மாதிரி மின்னும் புது வலை வேலி. அடுத்த மனையில் அதே வலை, பழுப்பேறி, பாதியில் தொய்ந்து கிடக்கும். அதற்கடுத்ததில் வெறும் தூண்கள் மட்டும், கம்பி காணாமல் போயிருக்கும். மூன்றுமே யாரோ ஒருவரின் சேமிப்பு, சிட்டு, நகைக்கடன்.

திருப்பாச்சூர் ஒரு காலத்தில் மூங்கில் காடு. ‘பாசு’ என்றால் மூங்கில், அதிலிருந்துதான் ஊர்ப்பெயர் என்கிறது வாசீஸ்வரர் கோயில் தலபுராணம். இயற்கையே வேலி போட்டிருந்த ஊர் என்று சொல்லலாம். இப்போது சென்னை நகர்ந்து நகர்ந்து இந்தப் பக்கம் வந்துவிட்டதால், நிலம் வாங்கிய கையோடு எல்லோரும் செய்யும் முதல் வேலை வேலி போடுவதுதான்.

எங்கள் சித்தப்பாவும் அதைத்தான் செய்தார். இந்தப் பக்கத்தில் 25 சென்ட் வாங்கினார். “12 கேஜ், ஒரிஜினல் ஜிஐ, 15 வருஷம் அசையாது சார்” என்று சொன்னவரிடம் வேலையைக் கொடுத்தார். மூன்றாவது மழைக்காலத்தில் வலையைக் கையால் பிய்க்க முடிந்தது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, பக்கத்து நிலத்துக்காரர் சர்வேயரைக் கூட்டி வந்தபோது. ஒரு பக்க வேலி முழுவதும் அவர் நிலத்துக்குள் 3 அடி தள்ளி நின்றது. பிடுங்கி, மறுபடி குழி தோண்டி, மறுபடி வலை வாங்கி... ஒரே வேலிக்கு இரண்டு முறை செலவு!

சித்தப்பா செய்த தவறுகளையும், அவர் தப்பித்த சில தவறுகளையும் சேர்த்து இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறோம். சொந்த மனையோ, தோட்டமோ, சின்ன பட்டறையோ... வேலி போடும் முன் ஒருமுறை படிச்சிடுங்க.

தவறு 1: அளக்காமல் குழி தோண்டுவது

“இந்த வேப்பமரத்துலேருந்து அந்தக் கல்லு வரைக்கும் நம்மளுது” என்று விற்றவர் கைகாட்டியதை நம்பி வேலி போடுவதுதான் எல்லாவற்றையும் விட காஸ்ட்லியான தவறு. வலையில் ஏமாந்தால் பணம் போகும். எல்லையில் ஏமாந்தால் பணம், நிம்மதி, பக்கத்து வீட்டு உறவு மூன்றும் போகும்.

முதலில் பட்டாவோடு, புலப்படம் எனப்படும் எஃப்எம்பி வரைபடத்தை எடுங்கள். வருவாய்த் துறையின் இணைய சேவைகளிலேயே இதைப் பார்க்கலாம். பழைய வரைபடங்களில் அளவு ‘லிங்க்’ கணக்கில் இருக்கும். 100 லிங்க் என்பது 66 அடி. அதாவது ஒரு லிங்க் 0.66 அடி. அதை அடி என்று நினைத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எல்லைக் கல் காணவில்லை அல்லது சந்தேகம் இருக்கிறது என்றால், தனியார் அளவை மட்டும் நம்பாமல் ‘எஃப் லைன்’ எனப்படும் எல்லை அளவீட்டுக்கு விண்ணப்பியுங்கள். தமிழ்நிலம் இணையதளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். அரசு நில அளவர் வந்து அளப்பார். அன்றைக்குப் பக்கத்து நிலத்துக்காரரையும் கூப்பிட்டு நிற்க வையுங்கள். எல்லைக் கல்லை மட்டும் நீங்களாகப் பிடுங்கவோ நகர்த்தவோ வேண்டாம்.

சித்தப்பா கணக்கைப் பாருங்கள். 99 அடி நீளப் பக்கத்தில் 3 அடி தள்ளிப்போனால் 297 சதுர அடி, கிட்டத்தட்ட முக்கால் சென்ட். இன்றைய மனை விலையில் யாரும் “போனா போகுது” என்று விட மாட்டார்கள்.

வாய்க்கால், ஓடை, வண்டிப்பாதை நிலத்தை ஒட்டியிருந்தால் கூடுதல் கவனம் தேவை. அதைச் சேர்த்து வளைத்துப் போட்ட வேலியை ஆக்கிரமிப்பு என்று அகற்ற 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்திலேயே இடமிருக்கிறது.

தவறு 2: “ஏக்கருக்கு எவ்ளோ ஆகும்?” என்று கேட்பது

வேலிக்குப் பரப்பளவு கணக்கே இல்லை, சுற்றளவுதான் கணக்கு. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அது சரியான சதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 835 அடி. அதே ஒரு ஏக்கர் 100 அடி அகலத்தில் நீளமாகக் கிடந்தால் சுற்றளவு 1,071 அடி. நிலம் ஒன்றுதான், வேலி 236 அடி அதிகம்!

சித்தப்பாவின் 25 சென்ட் 110 அடிக்கு 99 அடி. சுற்றளவு 418 அடி. கேட்டுக்கு 12 அடி விட்டால் 406 அடி. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ‘ரன்னிங் அடிக்கு எவ்வளவு’ என்று கேளுங்கள்.

கூடவே, இந்த வேலி யாரைத் தடுக்க என்பதையும் முடிவு பண்ணுங்க.

ஆடு, மாடு, எல்லை அடையாளம் மட்டும்தான் என்றால் முள்கம்பி போதும். நாய், பன்றி, ஆட்கள் நுழையக்கூடாது என்றால் டைமண்ட் வலை எனப்படும் செயின் லிங்க் வேண்டும். பட்டறை, குடோன் என்றால் வலைக்கு மேலே மூன்று வரிசை முள்கம்பியோ, பிளேடு வைத்த சுருள் கம்பியோ சேர்ப்பார்கள். இந்தச் சுருள் கம்பி துணியை இழுப்பதுபோல தோலை இழுத்துவிடும். குழந்தைகள் விளையாடும் தெருவோரம், கை எட்டும் உயரத்தில் அதை வைக்கவே வைக்காதீர்கள்.

தவறு 3: கேஜை காதால் மட்டும் கேட்டு நம்புவது

இதில்தான் பெரும்பாலானோர் மாட்டுகிறார்கள். கேஜ் எண் ஏற ஏற கம்பி மெலியும். கம்பியை அச்சுத் துளைகள் வழியாக எத்தனை முறை இழுத்து மெலிய வைத்தார்கள் என்ற பழைய கணக்கிலிருந்து வந்த எண் அது. நம் கடைகளில் புழங்கும் எஸ்டபிள்யூஜி கணக்குப்படி:

8 கேஜ் – 4.06 மி.மீ
10 கேஜ் – 3.25 மி.மீ
12 கேஜ் – 2.64 மி.மீ
14 கேஜ் – 2.03 மி.மீ
16 கேஜ் – 1.63 மி.மீ

12-க்கும் 14-க்கும் வித்தியாசம் 0.61 மி.மீ தான். கண்ணால் பார்த்தால் பிடிபடாது. ஆனால் எடை, விட்டத்தின் வர்க்கத்தில் மாறும். அதனால் 14 கேஜ் கம்பியில் இரும்பு 41 சதவிகிதம் குறைவு. பலமும் அதே கணக்கில் குறையும்.

தீர்வு சுலபம். கொட்டேஷனில் கேஜோடு சேர்த்து மி.மீ-யிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு டிஜிட்டல் வெர்னியர் கையோடு கொண்டுபோங்கள். ரோலின் வெளிச்சுற்றில் மட்டுமல்ல, உள்ளே இரண்டு, மூன்று இடங்களிலும் அளந்து பாருங்கள்.

பச்சை நிற பிளாஸ்டிக் பூசிய வலை வாங்குகிறீர்களா? அதில் இன்னொரு விளையாட்டு உண்டு. “4 மி.மீ” என்பார்கள், அது பிளாஸ்டிக்கையும் சேர்த்து. உள்ளே இருக்கும் கம்பி 2.5 மி.மீ ஆக இருக்கலாம். ஒரு முனையில் பிளாஸ்டிக்கைச் சீவிவிட்டு உள் கம்பியை அளப்பதுதான் சரியான அளவு.

தவறு 4: எடை போடாமல் வாங்குவது

வெர்னியரை ஏமாற்ற வழி இருக்கலாம். எடை மேடையை ஏமாற்றுவது கஷ்டம்.

வீடு கட்டும்போது டிஎம்டி கம்பிக்குச் சொல்வார்களே, விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கான எடை கிலோவில் வரும் என்று... அதே சூத்திரம் வேலிக் கம்பிக்கும் பொருந்தும். 2.64 மி.மீ கம்பிக்கு மீட்டருக்கு 43 கிராம், 2.03 மி.மீ கம்பிக்கு 25 கிராம் சொச்சம்.

2 இன்ச் கண் வலையில் ஒரு சதுர மீட்டருக்குள் சுமார் 40 மீட்டர் கம்பி ஓடும். அந்தக் கணக்கில் 5 அடி உயரம், 50 அடி நீளம் கொண்ட ஒரு ரோல் 12 கேஜில் சுமார் 40 கிலோ இருக்க வேண்டும். 14 கேஜ் என்றால் சுமார் 24 கிலோதான். ஒரு ரோலைத் தராசில் ஏற்றினாலே உண்மை தெரிந்துவிடும்.

சித்தப்பாவுக்கு 8 ரோலும் கொஞ்சமும் வந்தது. ரோலுக்கு 16 கிலோ குறைந்தால் 8 ரோலில் 128 கிலோ. கணக்குக்காக கிலோ 100 ரூபாய் என்று வைத்தாலும் 12,800 ரூபாய். அவர் வாங்காத இரும்புக்குக் கொடுத்த பணம் அது.

கண்ணின் அளவிலும் கவனம் தேவை. 2 இன்ச் என்பது எதிரெதிரான இரண்டு கம்பிகளுக்கு இடையே உள்ள நேர் தூரம். சிலர் குறுக்கே மூலைக்கு மூலை அளந்து காட்டுவார்கள். அப்படி அளந்தால் 2 இன்ச் கண்ணே 2.8 இன்ச் காட்டும். 3 இன்ச் கண் வலை வந்துவிட்டால், அதே கேஜிலும் இரும்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

“பக்கத்துலயே கும்மிடிப்பூண்டி, மில் ரேட்டுக்குத் தர்றேன்” என்று யாராவது சொன்னால் சிரிச்சிட்டு எடை கேளுங்க. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஸ்டீல் ஆலைகள் நிறைய இருப்பது உண்மைதான். ஆனால் கட்டடத்துக்கான டிஎம்டி கம்பி உருட்டுவது வேறு தொழில். வேலிக் கம்பிக்கு, கம்பிச் சுருளை இழுத்து மெலிய வைக்க வேண்டும், துத்தநாகம் பூச வேண்டும், பிறகு வலையாகப் பின்ன வேண்டும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் நடக்கலாம். ஆலை பக்கத்தில் இருப்பது உங்கள் வலைக்கு உத்தரவாதம் ஆகாது.

தவறு 5: ‘ஜிஐ’ என்ற இரண்டு எழுத்தில் திருப்தியாவது

ஜிஐ என்றால் துத்தநாகப் பூச்சு. எவ்வளவு பூச்சு என்பதுதான் கேள்வி. அதை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று, ‘ஜிஎஸ்எம்’ கணக்கில் சொல்வார்கள். சுமார் 7 ஜிஎஸ்எம் என்பது ஒரு மைக்ரான் தடிமன். 60 ஜிஎஸ்எம் பூச்சு என்றால் எட்டரை மைக்ரான். 240 ஜிஎஸ்எம் என்றால் 34 மைக்ரான்.

இது எத்தனை வருஷம் தாங்கும்? காற்றைப் பொறுத்தது. உலோக அரிப்பை வகைப்படுத்தும் ஐஎஸ்ஓ 9223 தரப்படி, நடுத்தரமான சூழலில் துத்தநாகம் வருஷத்துக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான் வரை கரையும். தொழிற்சாலைப் புகையோ, மிதமான உப்புக்காற்றோ இருந்தால் 2.1 முதல் 4.2 மைக்ரான் வரை. அப்படியானால் 60 ஜிஎஸ்எம் வலை நல்ல சூழலில் 4 முதல் 12 வருஷம் தாங்கலாம். கும்மிடிப்பூண்டி ஆலைகளை ஒட்டியோ, பழவேற்காடு ஏரிப் பக்கமோ போட்டால் 2 முதல் 4 வருஷத்தில் பூச்சு தீர்ந்து இரும்பு வெளியே வந்துவிடலாம். அதன் பிறகு துரு பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.

அதனால் ‘ஜிஐ’ என்று கேட்காதீர்கள், “எத்தனை ஜிஎஸ்எம்?” என்று கேளுங்கள். செயின் லிங்க் வலைக்கு ஐஎஸ் 2721, முள்கம்பிக்கு ஐஎஸ் 278 என்ற இந்தியத் தரங்கள் இருக்கின்றன. ஐஎஸ்ஐ முத்திரை போட்டிருந்தால் அதன் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். பெரிய ஆர்டர் என்றால் ஆய்வகச் சோதனை அறிக்கையையும் கேட்கலாம்.

இன்னும் மூணு விஷயம்:

வெல்டு மெஷ் வாங்கினால், வெல்டிங் செய்த பிறகு துத்தநாகத்தில் முக்கியதா என்று கேளுங்கள். முன்பே பூசிய கம்பியை வெல்டிங் செய்தால் ஒவ்வொரு முடிச்சிலும் பூச்சு எரிந்து போயிருக்கும். துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

வெள்ளி நிற பெயின்ட் பூச்சு ஆகாது. நகத்தாலோ காசாலோ சுரண்டினால் உரிந்து வந்தால் அது வெறும் பெயின்ட்.

ரோல் மீது வெள்ளை மாவு படிந்த மாதிரி இருந்தால், அது மழையில் நனைந்து அடுக்கிக் கிடந்த சரக்கு. துத்தநாகம் ஏற்கெனவே கரைய ஆரம்பித்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் வாங்குபவர்கள் இதைப் பார்த்து வாங்குங்க.

தவறு 6: வலைக்குச் செலவழித்து, தூணில் மிச்சம் பிடிப்பது

வேலி பெரும்பாலும் வலையால் விழுவதில்லை, தூணால் விழுகிறது. 8 அடிக்கு ஒரு தூண் என்றால் 406 அடிக்குச் சுமார் 51 தூண்கள். 10 அடிக்கு ஒன்று என்றால் 41 போதும். இரண்டு கொட்டேஷனுக்கும் விலையில் வித்தியாசம் வந்தால் முதலில் இந்த இடைவெளியைப் பாருங்கள். குறைந்த விலையின் ரகசியம் அந்தப் 10 தூண்களாக இருக்கலாம்.

இரும்பு ஆங்கிள் தூண் என்றால் மறுபடி எடைதான் சாட்சி. 40-க்கு 40, 5 மி.மீ ஆங்கிள் மீட்டருக்கு 3 கிலோ. அதுவே 3 மி.மீ கனம் என்றால் 1.8 கிலோ. இரண்டையும் பெயின்ட் அடித்து நிறுத்தினால் தூரத்திலிருந்து ஒரே மாதிரிதான் தெரியும்.

சிமென்ட் தூண் என்றால் உள்ளே எத்தனை கம்பி, எத்தனை மி.மீ என்று கேளுங்கள். விரிசல் விட்டதையும், கம்பி வெளியே தெரிவதையும் லாரியிலிருந்து இறக்கும்போதே திருப்பி அனுப்பிவிடுங்கள். நட்ட பிறகு யாரும் மாற்றித் தர மாட்டார்கள்.

7 அடித் தூணில் ஒன்றரை அடி மண்ணுக்குள் போனால்தான் மேலே 5 அடி வலை நிற்கும். குழியில் வெறும் மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டுப் போவதைத் தடுக்க ஒரே வழி, அன்றைக்கு நீங்களோ நம்பகமான ஒருவரோ பக்கத்தில் நிற்பதுதான். களிமண் நிலத்தில் இது ரொம்ப முக்கியம். வெயிலில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் ஊறி இளகும் மண்ணில் கான்கிரீட் இல்லாத தூண் இரண்டே வருஷத்தில் சாயும். கான்கிரீட்டை மண் மட்டத்துக்குச் சற்று மேலே கொண்டுவந்து, தண்ணீர் வழிந்தோடும்படி சரிவாக முடிக்கச் சொல்லுங்கள். இரும்புத் தூண் முதலில் அரிப்பது மண்ணைத் தொடும் அந்த இடத்தில்தான்.

மூலைத் தூண்களுக்கும், நீளமான பக்கத்தின் நடுவிலும் சாய்வாக முட்டுத் தூண் வேண்டும். வலையை இழுத்துக் கட்டும்போது மொத்த இழுவையும் மூலையில்தான் விழும். முட்டு எத்தனை என்பதை எண்ணிக்கையாகவே கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்க.

தவறு 7: சின்ன சாமான்களைக் கண்டுகொள்ளாமல் விடுவது

நல்ல ஜிஐ வலையை வாங்கி, கட்டடத்துக்குப் பயன்படுத்தும் கறுப்புக் கட்டுக்கம்பியால் தூணில் கட்டிவிடுவார்கள். அதில் பூச்சே கிடையாது. ஒரே வருஷத்தில் அறுந்து, வலை அவிழ்ந்து தொங்கும். கட்டுக்கம்பியும் ஜிஐ ஆகவே இருக்கட்டும். செலவு வித்தியாசம் மிகக் குறைவு.

வலையின் மேலே, நடுவே, கீழே என்று மூன்று வரிசை இழுகம்பி ஓட வேண்டும். இல்லாவிட்டால் யாராவது ஒருமுறை ஏறிக் குதித்தாலே வலை தொய்ந்துவிடும். கீழ்க் கம்பி இல்லையென்றால் நாய்கூட முட்டித் தூக்கிக்கொண்டு உள்ளே வரும்.

கேட்டைக் கடைசியில் யோசிக்காதீர்கள். போர் போடும் வண்டியும், மணல், ஜல்லி லாரியும் நாளைக்கு உள்ளே வர வேண்டும். 8 அடி கேட் வைத்துவிட்டு, வீடு கட்டும்போது வேலியைப் பிரித்த குடும்பங்கள் ஏராளம். 12 அடியாவது விடுங்கள். கேட் தூண் மற்ற தூண்களைவிடக் கனமாக, ஆழமாக இருக்கட்டும்.

தவறு 8: பில் இல்லாமல், முழுப் பணமும் முன்பே கொடுப்பது

“பில் வேணாம்னா ஜிஎஸ்டி 18 சதவிகிதம் மிச்சம் சார்” என்பார்கள். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நாளைக்கு 12 கேஜுக்குப் பதில் 14 கேஜ் வந்தது என்று நிரூபிக்க உங்களிடம் என்ன இருக்கும்? சித்தப்பாவிடம் இருந்தது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிய மொத்தத் தொகை மட்டும்தான். அவரால் எங்கேயும் புகார் கொடுக்க முடியவில்லை.

பில்லில் மி.மீ, கண் அளவு, ஜிஎஸ்எம், ரோல் எண்ணிக்கை, மொத்த எடை எல்லாம் இருக்க வேண்டும். அட்வான்ஸ் ஒரு பங்கு, சரக்கு இறங்கி எடை பார்த்த பிறகு ஒரு பங்கு, வேலை முடிந்து வலையை ஆட்டிப் பார்த்த பிறகு மீதி என்று பிரித்துக் கொடுங்கள்.

மீறியும் ஏமாந்துவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ருதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்னை எழுந்த 2 வருஷத்துக்குள் வழக்கு போட வேண்டும் என்பது மட்டும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

இதை மட்டும் செய்யவே செய்யாதீங்க!

பன்றி வருது, திருடன் வர்றான் என்று வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் கொடுப்பது தவறல்ல, குற்றம். 2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன, நிலத்துக்காரர் கைதானார். வயலுக்குத் தண்ணீர் கட்டப் போன மனிதர்களும் இப்படி உயிரிழப்பது நம் செய்திகளில் தொடர்கதை.

பேட்டரியில் இயங்கும் முறையான சூரிய மின்வேலி விட்டுவிட்டு மின்துடிப்பு கொடுக்கும், விரட்டும், கொல்லாது. வீட்டு மின்சாரம் அப்படியல்ல, பிடித்தால் விடாது. காட்டை ஒட்டிய பகுதிகளில் மின்வேலி அமைப்பதை ஒழுங்குபடுத்த 2023-ல் தமிழக அரசு தனி விதிகளே கொண்டு வந்திருக்கிறது. அதன்படி மின்வேலியைப் பதிவு செய்ய வேண்டும்.

ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க:

✔ புலப்படம் பார்த்தாச்சா? எல்லை அளந்தாச்சா?
✔ சுற்றளவு எத்தனை அடி? கேட் எத்தனை அடி?
✔ கம்பி எத்தனை மி.மீ? கண் எத்தனை இன்ச்?
✔ துத்தநாகம் எத்தனை ஜிஎஸ்எம்?
✔ ஒரு ரோல் எத்தனை கிலோ? தராசில் பார்த்தாச்சா?
✔ தூண் இடைவெளி, குழி ஆழம், முட்டு எத்தனை?
✔ கட்டுக்கம்பியும் ஜிஐ தானா?
✔ எல்லாம் பில்லில் இருக்கா?

இரண்டாவது முறை வேலி போட்டபோது சித்தப்பா சர்வேயர் அளந்து முடிக்கும்வரை வாங்கல் பேச்சையே எடுக்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரரே கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். சரக்கு வந்த அன்று ஒவ்வொரு ரோலும் தராசில் ஏறி இறங்கியது. கொண்டு வந்தவர், “என்ன சார், தங்கம் வாங்குற மாதிரி எடை போடுறீங்க?” என்று கேட்டார்.

“போன தடவை தங்கம் வெச்சுத்தான்ப்பா வாங்குனேன்” என்றார் சித்தப்பா.